வாசல் பக்கம் உட்காரவிடாதவள்

எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு இடம் வாசல் பக்கம்தான். யாரும் ஒதுக்கித் தந்ததில்லை, நானே பிடித்துக்கொண்டது. செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தால் போதும். வருகிறவர்களை நான் பார்க்கலாம், அவர்கள் என்னைப் பார்க்கமாட்டார்கள். கிளம்பும்போது யார் காலையும் தாண்ட வேண்டியதில்லை. அறுபத்தெட்டு வயதுவரை இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்கு அவள் குடிவந்த பிறகுதான் என் நிம்மதி போயிற்று.

நியூசிலாந்தில், மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு மரவேலி. அவள் கசக்ஸ்தான்காரி. அப்படி ஒரு நாடு இருப்பதே எனக்குத் தெரியாது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எங்கள் வாத்தியார் பூகோளத்தை இமயமலையோடு நிறுத்திக்கொண்டார். மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நாங்களும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் இவள் இருந்திருக்கிறாள்.

அகலமான முகம், ஒரு தங்கப்பல், மூட்டை தூக்குகிறவனின் தோள். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பாள். விரி என்ற பகுதியில் ஒரு கோடவுனில் பெட்டி தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். மகள் பெர்த்தில். புருஷனைப் பற்றி ஒருமுறை கேட்டேன். கையை ஒரு வீசு வீசினாள். செத்துப்போனாரா, ஓடிப்போனாரா என்று அந்த வீச்சில் தெரியவில்லை.

அவளுடைய இங்கிலீஷ் என்னுடையதைவிடக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான். பாதி வார்த்தை, பாதி கை. ஆகவே அவள் பேசியதாக நான் எழுதுவதெல்லாம் எனக்குப் புரிந்தபடி எழுதுவதுதான். தப்பாகப் புரிந்திருந்தாலும் இப்போது திருத்த ஆளில்லை. அவளும் மகளோடு இருக்கப் பெர்த்துக்குப் போய்விட்டாள்.

வந்த புதிதில் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டாள். நான் போய் வழக்கம்போல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பதறிப்போனாள். ஏதோ நான் குப்பைத்தொட்டி மேல் உட்கார்ந்துவிட்ட மாதிரி.

"அபா! அங்கே இல்லை! மேலே! மேலே!"

அபா என்றால் அவர்கள் பாஷையில் மூத்தவள். மேலே என்றால் மாடி இல்லை. வாசலுக்கு நேர் எதிரே, வீட்டின் கடைசிச் சுவரை ஒட்டிய இடம். அவர்கள் வழக்கத்தில் அதுதான் மரியாதைக்குரிய இடம். வயது ஏற ஏற ஆள் வாசலை விட்டுத் தள்ளிப்போக வேண்டும். வாசலோரம் சின்னவர்களுக்கும் பரிமாறுகிறவர்களுக்கும். என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, கோடவுனில் பெட்டியை நகர்த்துகிற மாதிரி நகர்த்தி, அந்தச் சுவரோரம் வைத்தாள். அங்கே உட்கார்ந்ததும் வீட்டில் இருக்கிற எல்லாப் பொருளும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

பிறகு தேநீர் வந்தது. பிடியில்லாத கிண்ணத்தில், பாதிதான். அவ்வளவு தூக்கு தூக்கிவிட்டு அரைக் கிண்ணம் தருகிறாளே, கஞ்சப்பிசினாறி என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்களுக்குத் தெரியாதா விருந்து? எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்தேன். அவள் முகம் விழுந்துவிட்டது. வாய் வெந்தாலும் பரவாயில்லை என்று ஒரே மடக்கில் குடித்து எழுந்து போய்விட்டாள். ஒரு வாரம் வேலிப்பக்கம் தலை காட்டவில்லை.

என் மருமகள்தான் அவளைத் தெருவில் பிடித்து விசாரித்துவிட்டு வந்தாள்.

"அத்தை, அவங்க ஊர்ல பாதி ஊத்தினா 'இன்னும் உட்காரு, திரும்பத் திரும்ப ஊத்தறேன்'னு அர்த்தமாம். ஃபுல்லா ஊத்தினா 'குடிச்சுட்டுக் கிளம்பு'னு அர்த்தமாம். நீங்க அவங்கள வெளியே தள்ளிட்டீங்க."

"பாதி ஊத்தினா நம்ம ஊர்ல சண்டையே வந்துடுமேடி."

"அதையும் சொல்லிட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கறாங்க."

என் மருமகள் நல்ல பெண். ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்காக எல்லாரிடமும் அவளே பேசிவிடுவாள். இது நல்ல குணமா என்று அப்போது நான் யோசித்ததில்லை.

அந்தச் சிரிப்போடு தொடங்கியதுதான் எங்கள் பழக்கம். பழக்கம் என்றால், அவள் என்னை வாசலோரத்திலிருந்து கிளப்புவதும் நான் திரும்ப அங்கேயே போய் உட்காருவதும்.

என்னை மட்டும் இப்படிச் செய்தால் பரவாயில்லை. உலகத்தையே வரிசைப்படுத்த வந்தவள் அவள். பஸ்ஸில் ஏறினால் பள்ளிக்கூடப் பையன்கள் அவளைக் கண்டதும் தானாக எழுந்துவிடுவார்கள். கோடவுனில் சாப்பாட்டு அறையில் ஜன்னலோரம் நல்ல நாற்காலி ஒன்று. அதில் இளவயசு மேனேஜர் உட்கார்ந்திருந்தானாம். கழிப்பறை கழுவ வருகிற டோங்கா நாட்டுக் கிழவர் கதவோரம் நின்றபடி ரொட்டி தின்றுகொண்டிருந்தாராம். இவள் மேனேஜரிடம் போய், "உன் வயசு என்ன?" என்றாள். "முப்பத்தொண்ணு." "அவர் வயசு?" அவனுக்குத் தெரியவில்லை. "தெரியாதில்லே? எழுந்திரு." எழுந்துவிட்டான். "அவனும் பாவம் அபா," என்றாள் என்னிடம், "அவங்க அம்மா அவனுக்கு எங்கே உட்காரணும்னு சொல்லிக் கொடுக்கலை."

ஒரு பொங்கல் விழாவுக்கு அவளைக் கூட்டிப்போனது என் மகன் செய்த தப்பு. பள்ளிக்கூட ஹாலில் முன்வரிசை நாற்காலிகளில் வெள்ளை உறை போட்டுப் பேர் எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் கடைசி வரிசையில், கதவோரம், பொங்கல் வாசனை வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அவள் வந்து பார்த்தாள். கையைப் பிடித்து ஹாலின் நடுவே நடத்திக்கொண்டுபோய் வெள்ளை உறைமேல் உட்கார வைத்தாள். கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு தம்பி ஓடிவந்தான்.

"ஆன்ட்டி, இது வி.ஐ.பி. சீட். ஸ்பான்சர் வருவாரு."

நான் பாதி எழுந்துவிட்டேன். அவள் என் தோளை அழுத்தினாள்.

"ஸ்பான்சர் வயசு என்ன?" என்றாள்.

ஸ்பான்சர் வந்தார். நாற்பதுகூட இருக்காது. பாவம், என் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தே நிகழ்ச்சி பூராவும் பார்த்தார். நான் மேடையைப் பார்க்கவே இல்லை. என் முந்தானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் பதினாறு அவர்கள் நாட்டுச் சுதந்திர நாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் சுதந்திரம் என்றால் ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய். கொடியேற்றி முடிந்ததும் அதைச் சப்பிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவோம். இவளுக்கு அப்படியில்லை. வார நாளோ, மழையோ, அந்தத் தேதியை மாற்றமாட்டாள். சனிக்கிழமைக்குத் தள்ளி வைக்கலாமே என்று யாராவது சொன்னால், "உன் பிறந்தநாளை உன் அம்மா சனிக்கிழமைக்குத் தள்ளி வச்சாளா?" என்பாள்.

அங்கே அது நடுக் குளிர்காலம். பனியில் மைதானத்தில் வட்டக் கூடாரங்கள் போடுவார்கள், மல்யுத்தம், பாட்டு, ராத்திரி வாணவேடிக்கை. பெரியவர்கள் மேடையில் பேசுவார்கள். "பேச்சு முடியறதுக்குள்ள பாதிக் கூட்டத்துக்கு மூக்கு மரத்துப்போகும்," என்றாள். "அதனால்தான் எல்லாரும் கை தட்டறாங்க. சூடாக."

இங்கே அது கொளுத்துகிற வெயில் காலம். அதற்காக அவள் விடுவதாயில்லை. வெல்வெட் மேல்கோட்டு, நரிமுடி வைத்த தொப்பி, உள்ளே ஆறாக வியர்வை. வெஸ்ட்கேட் பக்கத்துக் கடையில் வாங்கிய நாலு கால் பந்தல் ஒன்றைப் புழக்கடையில் நிறுத்தி, உள்ளே கம்பளத்தைத் தொங்கவிட்டு, அதுதான் தன் கூடாரம் என்பாள். வட்டமாக இல்லையே என்றால், "நியூசிலாந்துல வட்டம் விலை ஜாஸ்தி," என்பாள். நீலக் கொடியில் சூரியனும் கழுகும். அதற்குக் கீழே காற்றாடி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும்.

தன் நாட்டின் சுதந்திரத்தைப் பற்றி அவளைப்போல் மரியாதையில்லாமல் யாரும் பேசி நான் கேட்டதில்லை. "ரஷ்யாக்காரன் வீட்டில் பதினஞ்சு பேர் இருந்தோம், அபா. ஒவ்வொருத்தரா மூட்டை கட்டிப் போயிட்டாங்க. கடைசியா ரஷ்யாக்காரனே போயிட்டான். நாங்க மட்டும் காலி வீட்டில் சாவியைக் கையில் வச்சுக்கிட்டு, யார்கிட்ட கொடுக்கறதுன்னு நின்னுட்டிருந்தோம். சரி, நாமும் சுதந்திரம்னு சொல்லிக்குவோம்னு சொல்லிட்டோம்." இதைச் சொல்லிவிட்டு அவளே தொடையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். வேறு யாராவது சிரித்தால் முறைப்பாள்.

ஆனால் விருந்தில் மட்டும் விளையாட்டு கிடையாது. உப்புப் போட்டு வேகவைத்த ஆட்டுக்கறி, மாவுப் பட்டைகள், எண்ணெயில் பொரித்த உப்பலான மாவு உருண்டை. நடுவே முழு ஆட்டுத்தலை. தலை மூத்தவருக்கு முன்னால், மூக்கு அவரைப் பார்த்தபடி வைக்கப்படும். அவர் கையை ஏந்தி ஆசி சொல்ல வேண்டும். எல்லாரும் கையை ஏந்திக் கேட்டு, "ஆமின்" என்று முகத்தைத் தடவிக்கொள்ள வேண்டும். பிறகு அவர் தலையை அறுத்துப் பங்கு போடுவார். காதை அறுத்துச் சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள், பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வளரட்டும் என்று. எங்கள் வீட்டில் இந்த வழக்கம் இருந்திருந்தால் ஊர் மந்தையே தீர்ந்திருக்கும், ஒருத்தனும் கேட்டிருக்கமாட்டான்.

நான் போன முதல் இரண்டு வருஷமும் வெஸ்ட்கேட்டில் மகள் வீட்டிலிருந்த ஒரு பெரியவர் வந்து ஆசி சொன்னார். வெள்ளைத்தாடிக்காரர் என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். தினமும் சவரம் செய்கிறவர். அவர் மகளோடு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். அடுத்த வருஷம் ஆசி சொல்ல ஆளில்லை. வந்தவர்கள் எல்லாம் முப்பதைச் சுற்றிய கம்ப்யூட்டர் பிள்ளைகள், படிக்க வந்தவர்கள். விருந்து கொடுக்கிறவள் தன் விருந்துக்குத் தானே ஆசி சொல்லக் கூடாதாம். யாரும் ஒன்றும் சொல்லாமல் கறியைத் தின்றுவிட்டு எழுந்தார்கள். ஐந்தே மாதத்தில் அவள் ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறங்கும்போது விழுந்து கணுக்கால் உடைந்தது. குளிர்காலம் பூராவும் மாவுக்கட்டும் கட்டிலுமாகக் கிடந்தாள்.

"ஆசியில்லாம தின்ன ஆடு," என்றாள் கட்டைத் தட்டிக் காட்டி. "உள்ளே போய் உதைச்சிருக்கு."

சிரித்தாள். ஆனால் அதை அவள் நம்பினாள். எனக்குத் தெரியும். நானும் நம்பினேன்.

நவம்பரில் ஒருநாள் வேலிமேல் இரண்டு கையையும் ஊன்றி நின்று சொன்னாள். "இந்த வருஷம் நீ மூத்தவள். தலை உனக்கு. ஆசி நீ சொல்றே."

நான் என் கல்யாணத்தில்கூட ஒரு வார்த்தை பேசினவளில்லை. மளிகைக்கடையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் போகட்டும் என்று ஓரமாக நிற்கிறவள். முழங்கால் வலி என்றேன். "வாயால் பேசப்போறே, முழங்காலால் இல்லை." உங்கள் பாஷை தெரியாது என்றேன். "கடவுளுக்குத் தெரியும்." எங்கள் சாமி வேறே என்றேன். அதற்கு அவள் யோசித்தாள். "பரவாயில்லை. மேலே அவங்க வரிசைப்படி உட்கார்ந்திருப்பாங்க. மூத்தவர் கேட்டுக்குவார்."

முதல்நாள் மத்தியானம் ஆட்டுத்தலையோடு வந்துவிட்டாள். கறிக்கடையில் தோலுரித்த தலைதான் கிடைக்கும் என்பதால் ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருக்கிற ஒருவரிடம் மயிரோடு வாங்கி வந்திருந்தாள். எங்கள் பக்கமும் தலைக்கறி உண்டு. வாட்டிச் சுரண்டுவது எனக்குக் கைவந்த வேலை. மஞ்சள், மிளகு, தேங்காய் எதுவும் போடாமல் வெறும் உப்பில் வேகவைப்பதுதான் ஆட்டுக்குச் செய்கிற துரோகம் என்று எனக்குத் தோன்றும். புழக்கடையில் இரண்டு பேரும் முக்காலியில் உட்கார்ந்து, அவள் காஸ் நெருப்பில் வாட்ட, நான் கத்தியால் சுரண்டினேன். மயிர் கருகுகிற நாற்றமும் புகையும் தெருவைத் தாண்டியிருக்கும். யாரோ போன் செய்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்து நின்றது.

தலைக்கவசம் போட்ட மூன்று பேர் சந்து வழியாக உள்ளே வந்தார்கள். புகைக்கு நடுவில் இரண்டு கிழவிகள். நடுவே பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு ஆட்டுத்தலை.

"உங்களில் மூத்தவர் யார்?" என்றாள் அவள்.

அவர்கள் போகும்போது ஆளுக்கொரு பொட்டலம் மாவு உருண்டை கையில் இருந்தது. மூத்தவருக்கு மட்டும் இரண்டு.

அவர்கள் போன பிறகு அவள் நெருப்பை அணைத்துவிட்டு, என் செருப்பைச் சுட்டிக் காட்டிப் பேச ஆரம்பித்தாள். சுதந்திரத்துக்கு ஐந்து வருஷம் முன்னால், இதே தேதியில், அல்மாத்தி நகரத்து மைதானத்தில் படிக்கிற பிள்ளைகள் கூடி நின்றார்களாம். ரஷ்யாக்காரன் மேலிருந்து அனுப்பிய தலைவர் வேண்டாம் என்று. இவள் அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் விடுதியில் படுத்திருந்தாள். அறைத்தோழி, "உன் பூட்ஸைக் கொடு, என்னுடையது ஓட்டை, நின்னு பார்த்துட்டு வந்துடறேன்," என்று போட்டுக்கொண்டு போனாள். குளிரில் தண்ணீர் பீய்ச்சினார்கள், அடித்தார்கள், பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்ணைப் படிப்பிலிருந்து நீக்கி எங்கோ ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு இவள் அவளைப் பார்க்கவேயில்லை.

"நல்ல பூட்ஸ், அபா. உள்ளே கம்பளி. ஒவ்வொரு வருஷமும் அந்த நாள்ல பெரியவங்க டிவியில பேசுவாங்க. எண்ணெய், கட்டடம், எதிர்காலம், எல்லாம் பேசுவாங்க. என் பூட்ஸைப் பத்தி ஒரு வார்த்தை வருமான்னு உட்கார்ந்து பார்ப்பேன். வராது."

பிறகு ஆட்டின் மூக்கைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "காதுக்குப் பின்னால் சுரண்டலை நீ," என்றாள்.

மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. பந்தலுக்குள் நீளத் துணி விரித்து, இரண்டு பக்கமும் மெத்தைகள். வாசல்பக்க முனையில் தேநீர் கொதிக்கிற மின்சார சமோவாரும் கிண்ணங்களும். எதிர்முனையில், கம்பளத்துக்குக் கீழே, நான். என் மகனும் மருமகளும் நடுவில். பிள்ளைகளும் பெண்களுமாகப் பந்தல் நிறைந்திருந்தது. அவள் தலைத் தட்டை இரண்டு கையிலும் ஏந்தி வந்து, மூக்கு என்னைப் பார்க்க வைத்தாள். அது என்னைவிடத் தைரியமாகப் பார்த்தது.

மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பையன் மெல்ல ஆரம்பித்தான். இவளிடம் மரியாதையாகத்தான், இங்கிலீஷில், எங்களுக்கும் புரியட்டும் என்று. தலையை ஆண்களில் மூத்தவருக்குத்தானே வைக்கிறது?

"சரி," என்றாள் அவள். "நீ கிழவனாகு. காத்திருக்கோம்."

இன்னொருவன் போனை எடுத்தான். பிரிஸ்பேன் பெரியவரைப் படத்தில் கூப்பிடலாமே, அவரே சொல்லிவிடுவாரே என்றான்.

"ஆசி என்ன பீட்சாவா, போன்ல வரவழைக்க?"

நான் வாசல் பக்கம் பார்ப்பதைக் கண்டு மருமகள் எழுந்துவிட்டாள். "அத்தைக்கு இதெல்லாம் வராது. அவங்களுக்கு பதிலா நான் ரெண்டு வார்த்தை சொல்லிடறேன்."

"உனக்கு என்ன வயசு?"

மருமகள் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாரும் கையை ஏந்தினார்கள். இத்தனை உள்ளங்கைகள் ஒன்றாகத் திறந்து நான் பார்த்ததில்லை. அவள் சமோவார் பக்கத்தில், வாசலோரம், கட்டை அவிழ்த்தும் நேராகாத காலை நீட்டிக்கொண்டு, கையை ஏந்தி என்னைப் பார்த்தாள். அப்போது அவள் முகத்தில் அதிகாரம் இல்லை. பயந்திருந்தாள். இன்றைக்கும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவோமோ என்ற பயம்.

"சாமி," என்றேன். அதற்கு மேல் வரவில்லை. ஒரு ஈ வந்து ஆட்டின் மூக்கில் உட்கார்ந்தது. விரட்ட யாருக்கும் கை ஒழியவில்லை.

"சாமி, ஈ ஓட்டக்கூட முடியாம எல்லாரும் கையை ஏந்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. சீக்கிரமா கேட்டுட்டு விட்டுடறேன்."

என் மகன் இருமினான். மற்றவர்களுக்கு என் தமிழ் ஒன்றும் புரியவில்லை. அது தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது.

"இவ கால் கூடணும். திரும்ப வண்டியிலேருந்து விழக்கூடாது."

நான் மூச்சுவிட நிறுத்திய இடத்தில், "ஆமின்!" என்றார்கள். பந்தலே அதிர்ந்தது. அடேயப்பா, நான் ஒன்று சொல்லி இத்தனை பேர் ஆமாம் போடுவது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. ருசி கண்டுவிட்டேன்.

"இந்தப் பிள்ளைங்களுக்கு வாடகை ஏறாம இருக்கணும். விசா சீக்கிரம் வரணும்."

விசா மட்டும் புரிந்துவிட்டது போல. "ஆமின்!" முன்னைவிடச் சத்தம்.

"மேடையில நின்னு பேசறவங்க, கீழே குளிர்ல நிக்கறவங்களையும் கொஞ்சம் பார்க்கணும். பூட்ஸ் போட்டுக்கிட்டுப் போன அந்தப் பொண்ணு எங்கே இருந்தாலும் அவ கால் சூடா இருக்கணும்."

"ஆமின்!"

"என் மருமக தங்கமான பொண்ணு. ஆனா என்கிட்ட யார் என்ன கேட்டாலும் அவதான் பதில் சொல்றா. இனிப்பு வேணுமான்னு கேட்டா, 'அத்தைக்குப் பிடிக்காது'ங்கறா. எனக்குப் பிடிக்கும், சாமி."

"ஆமின்!"

மருமகள் ஏந்திய கையை இறக்கவும் முடியாமல், என்னைப் பார்க்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். ஆனால் இப்போது நிறுத்தினால் பிறகு எப்போது சொல்வேன்?

"கடைசியா இவ. எல்லாரையும் பிடிச்சு மேலே மேலேன்னு உட்கார வைக்கறா. ஸ்பான்சரைக்கூட விடலை. இத்தனை வருஷத்துல இவ மேலே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீயை ஊத்திக்கிட்டு வாசல்லயே கிடக்கறா. இவளையும் யாராவது பிடிச்சு உட்கார வைக்கணும், சாமி. அவ்வளவுதான்."

"ஆமின்!" என்று எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். எல்லாரையும்விட உரக்கச் சொன்னவள் அவள்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மருமகளைப் பார்த்தாள். "நீ சொல்லு. அபா என்ன கேட்டா? ஒண்ணும் விடாதே."

மருமகள் என்னைப் பார்த்தாள். ஏதாவது பூசி மெழுகிச் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் எழுந்து நின்று, ஈயிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொன்னாள். வாடகைக்குச் சிரித்தார்கள். பூட்ஸ் வந்ததும் சிரிப்பு நின்றது. அவள் தன்னைப் பற்றிய இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தினாள். காது சிவந்திருந்தது. பிறகு அதையும் சொன்னாள், இனிப்பு வரைக்கும், ஒரு வார்த்தை குறைக்காமல். யாரோ ஒரு பெண் எட்டி ஒரு கை நிறைய மிட்டாயை என் மடியில் போட்டாள்.

கடைசியைச் சொன்னபோது பந்தலே வாசல் பக்கம் திரும்பியது.

மூக்குக் கண்ணாடிப் பையன்தான் முதலில் எழுந்தான். நேரே போய் அவள் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடித்தான்.

"விடுடா. உனக்கு ஊத்தத் தெரியாது."

"ஆமின் சொல்லியாச்சு."

"நீங்க எல்லாரும்தானே சொன்னீங்க," என்றாள் அவள்.

"நீங்களும் சொன்னீங்க. உங்க சத்தம்தான் பெருசா கேட்டுது."

அவள் கிண்ணத்தை விட்டுவிட்டாள். இரண்டு பெண்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். நொண்டிக்கொண்டே பந்தலின் நீளம் முழுக்க நடந்து வந்தாள். வருகிற வழியில் இரண்டு பேரைக் காலை மடக்கி உட்காரச் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தாள். என் பக்கத்தில், கம்பளத்துக்குக் கீழே உட்கார வைத்தார்கள்.

கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். தொப்பியைக் கழற்றினாள். உள்ளே முடி நரைத்து, வியர்வையில் ஒட்டியிருந்தது. அந்தப் பெரிய உடம்பு மெத்தையின் நுனியில், இன்னொருத்தர் இடத்தைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஒடுங்கியிருந்தது. எதிர்முனையில் பையன் தேநீரைத் துணியெல்லாம் சிந்திக்கொண்டிருந்தான். அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அபா, எவ்வளவு நேரம் இப்படி உட்கார்ந்திருக்கணும்?"

எனக்கு மட்டும் என்ன தெரியும்? மிட்டாயில் ஒன்றைப் பிரித்து அவள் கையில் வைத்தேன். இன்னொன்றைப் பிரித்து நான் வாயில் போட்டுக்கொண்டேன்.